பீடையைக் கொல்லும் பங்கசும் பயிரைக் காக்கும் வண்டும்

(கமக்காரர் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரை)



நெல்லையும் மரக்கறிப் பயிர்களையும் அழிக்கும் பூச்சிகளை நோயுறச் செய்து கொல்லும் பங்கசுகளைப் பற்றிச் சில ஆண்டுகளாக நீங்கள் கேள்விப்பட்டு வருகின்றீர்கள். 2021ஆம் ஆண்டில் இரசாயனப் பசளைகளினதும் பீடைநாசினிகளினதும் இறக்குமதி தடை செய்யப்பட்டதையும், அவ்வாண்டு முடியுமுன்னரே அத்தடை நீக்கப்பட்டதையும் எவரும் மறந்திருக்கமாட்டீர்கள். இரசாயனம் கிடையாத அந்நாட்களில் வேறு வழி தேடியோர் பலர், பங்கசுத் தூள்களைப் பற்றியும் விசாரிக்கலாயினர். இத்தகைய பொருளை விற்போர் வழக்கமாகச் சொல்லும் சொல் ஒன்றுண்டு: “இது நஞ்சன்று, நன்மை செய்யும் பூச்சிகளுக்கு ஒரு தீங்கும் செய்யாது” என்பதே அது. இக்கூற்றின் முற்பாதி பெரும்பாலும் மெய். பிற்பாதியோ சில இடத்து மெய்யாகவும் சில இடத்துப் பொய்யாகவும் உள்ளது. எவ்விடத்து மெய், எவ்விடத்துப் பொய் என்பதை அறியாது விசிறுவோர், தம் தோட்டத்தில் கூலியின்றி உழைக்கும் வண்டுகளைத் தாமே கொல்ல நேரும். ஆகையால் இன்று அதனைப் பற்றிப் பேச விரும்புகின்றேன்.

முதலில் அவ்வண்டுகள் யாவை என்று பார்ப்போம். பயற்றைக் கொடியிலே அழுக்கணவன் மொய்த்த கொழுந்தொன்றை மெல்ல விரித்துப் பாருங்கள். மஞ்சள் அல்லது செம்மஞ்சள் முதுகில் கரிய நெளிகோடுகள் பூண்ட, மிளகளவான வண்டு ஒன்று அங்கே இருக்கும். அது பொறிவண்டு. அதனருகே கருஞ்சாம்பல் நிறமாய், முதலைக் குட்டியை மிகச் சிறிதாக்கினாற் போன்ற உருவுடன், ஆறு கால்களால் விரைந்து திரியும் ஒரு பிராணியையும் காண்பீர்கள். பலர் இதனைப் பயிர் தின்னும் புழுவென எண்ணி நசுக்கிவிடுகின்றனர். அதுவே அப்பொறிவண்டின் குடம்பி, அதாவது புழுப் பருவம். தாயைப் போலவே குடம்பியும் அழுக்கணவனைத் தின்கிறது. பறக்க முடியாதாகையால், பிறந்த கொடியிலேயே தங்கி அதனைத் துப்புரவு செய்கிறது. வெண்மூட்டுப்பூச்சிகளைத் தின்னும் சில சிறு பொறிவண்டுகளின் குடம்பிகள் வெண்மெழுகு போர்த்து, தாம் தின்னும் வெண்மூட்டுப்பூச்சியைப் போலவே தோன்றும். விரலாற் தொட்டுப் பார்த்தால் விரைந்து ஓடுவது குடம்பி என்று அறிந்துகொள்ளலாம்.

நெல் வயலில் வேறு சிலர் உளர். செம்மஞ்சள் நிறமும் பளபளப்பும் உடைய பொறிவண்டுகள் கதிர் பூக்கும் காலத்தில் கதிரின்மேல் ஏறியிருத்தலைக் கண்டு, அவை நெல்லை உறிஞ்சுகின்றன என்று எண்ணிப் போத்தலிற் பிடித்துக்கொண்டு மருந்து கேட்க வருவோர் உண்டு. அவை அங்கே மகரந்தத்தையும் தின்னும். தத்திகளின் குஞ்சுகளையும் சிறு பூச்சிகளையும் தின்னும். நெல்மணிக்கு ஒரு தீங்கும் செய்யா. நீண்டு மெலிந்த செங்கபில உடலும் கரிய தலையும் உடைய தரைவண்டு ஒன்று, இலைச்சுருட்டிப் புழு மடித்த இலைக்குள்ளே நுழைந்து, நாளொன்றுக்கு 3 முதல் 5 வரையிலான புழுக்களைத் தின்னவல்லது. எறும்பு போன்ற உருவில் செம்மஞ்சளும் கருமையும் மாறிமாறி வரும் குறுஞ்சிறகு வண்டையும் நீங்கள் அறிவீர்கள். விளக்கொளியில் வந்து கழுத்தில் விழுந்தால், அதனை நசுக்கியவரின் தோலிற் கொப்புளம் எழும். அதன்மேல் எவருக்கும் அன்பு பிறவாது என்பது உண்மையே. ஆயினும் வயலில் அது நெற்பயிரின் அடியிலே தத்திகளையும் முட்டைகளையும் தேடித் தின்னும் நல்ல வேட்டைக்காரன்.

இனிப் பங்கசுக்கு வருவோம். பூச்சிகளுக்கு நோய் செய்யும் பங்கசு ஆயிரம் மைல்களுக்கு அப்பாலிருந்து வந்த புதுப்பொருளன்று. நம் மண்ணிலேயே உள்ளது. 1861ஆம் ஆண்டில் நீற்னர் என்பவர் இலங்கையின் கோப்பிச் செடியைத் தாக்கும் பகைகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். கோப்பியின் செதிற்பூச்சிகளைச் சூழ்ந்து வளர்ந்து அவற்றைக் கொல்லும் வெண்ணிறப் பங்கசு அக்காலத்திலேயே இந்நாட்டில் கண்டறியப்பட்டது. இன்று லெக்கானிசிலியம் என்னும் பெயருடன் வெண் ஈக்கும் அழுக்கணவனுக்கும் விசிறப்படுவது அவ்வினமே. அதற்குச் சில ஆண்டுகள் கழிந்தபின், 1869இல் தோன்றிய வேறொரு பங்கசு நோய் கோப்பிச் செய்கையையே இத்தீவிலிருந்து அழித்ததைப் பழையோர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பங்கசு என்பது ஒரு குலப்பெயர். அக்குலத்திலே நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு.

பூச்சிகொல்லும் பங்கசு பூச்சியின் வயிற்றினுட் புகுந்து கொல்வதன்று. இரசாயனங்கள் சில தின்றால் கொல்லும். பங்கசு தொட்டாற் கொல்லும். அதன் வித்தி, அதாவது கண்ணுக்குப் புலப்படாத தூளளவான விதை, பூச்சியின் தோலில் ஒட்டிக்கொள்கிறது. காற்றிலே ஈரம் மிகுந்திருப்பின் ஏறக்குறைய 12 முதல் 24 மணித்தியாலங்களுள் முளைக்கிறது. நெல் முளை மண்ணைத் துளைத்துச் செல்வது போல அம்முளை பூச்சியின் கடினமான தோலைக் கரைத்தும் நெருக்கியும் உட்புகுகிறது. பின் உடலெங்கும் பரந்து, உள்ளிருப்பதை உண்டு, சில நாட்களிற் பூச்சியைக் கொல்கிறது. மூன்று நாளில் இறப்பதும் உண்டு. பத்து நாள் செல்வதும் உண்டு. இறந்தபின் ஈரம் கிடைத்தால் பங்கசு மீண்டும் வெளியே வந்து, பிணத்தின்மேல் மாப்பூசியது போன்று படர்ந்து, புதிய வித்திகளைப் பரப்பும். வெண்ணிறமாய்ப் படர்வது பியூவேரியா. முதலில் வெண்மையாய்ப் பின் கரும்பச்சையாவது மெற்றாரைசியம்.

இவ்விரண்டும் எவ்வாறு அறியப்பட்டன என்று சொன்னால், நாம் பேசும் விடயம் தெளிவாகும். பியூவேரியா பாசியானா என்னும் பெயர் இத்தாலி நாட்டு அகோஸ்தீனோ பாசி என்பவரின் பெயரால் வந்தது. பட்டுப்புழுவை வெண்சுண்ணம் பூசியது போலாக்கிக் கொல்லும் நோய் ஒரு பங்கசினால் உண்டாவது என்று 1835இல் நிறுவியவர் அவர். அக்காலத்துப் பட்டுவளர்ப்போருக்கு இப்பங்கசு நண்பனன்று, பெரும் பகையே. மெற்றாரைசியத்தை 1879இல் இலியா மெச்னிக்கோவ் என்னும் ருசிய அறிஞர், ஒடெசா நகர்ப்புறத்தில் கோதுமையைத் தின்னும் வண்டொன்றுக்கு எதிராகப் பயன்படுத்த முயன்றார். அதனை முதலிற் கண்டதே ஒரு வண்டின் உடலில். ஆகவே பியூவேரியா பட்டுப்புழுவையும் கொல்லும், மெற்றாரைசியம் வண்டையும் கொல்லும் என்பது அவற்றின் பிறப்புக் கதையிலேயே உள்ளது. வண்டைக் கொல்லவல்ல பங்கசு, பொறிவண்டின் முதுகில் விழும்போது மாத்திரம் கைகட்டி நிற்கும் என்று எவ்வாறு எதிர்பார்க்கலாம்? ஐரோப்பாவிற் குளிர்காலத்தைக் கூட்டமாக உறங்கிக் கழிக்கும் பொறிவண்டுகளிற் பல, எவரும் விசிறாமலே இயற்கையிலுள்ள பியூவேரியாவால் இறந்து போகின்றன.

ஆயினும் கதை அத்துடன் முடிந்துவிடவில்லை. பங்கசின் பெயர் ஒன்றாயிருப்பினும் குணம் ஒன்றன்று. நெல் என்று நாம் சொல்வதிற் பலவகை நெல் உள்ளது போலப் பியூவேரியா என்பதிலும் பல குலவகைகள் உள. ஒரு பூச்சியின் உடலிலிருந்து பிரித்தெடுத்த குலவகை அப்பூச்சியின் இனத்தவரையே கடுமையாகத் தாக்குவதும், வேறு பூச்சிகளிடத்துத் தளர்வதும் பலமுறை காணப்பட்ட உண்மை. ஐக்கிய அமெரிக்காவில் 1994இல் வெளியிடப்பட்ட ஆராய்ச்சியொன்றில், அங்குள்ள பொறிவண்டின் குடம்பிகள்மீது நால்வகைப் பங்கசுகளைச் சோதித்தனர். பியூவேரியாவும் மெற்றாரைசியமும் வேறொன்றும் அவற்றைக் கொன்றன. நான்காவதான நொமூரேயா என்பது குறிப்பிடத்தக்க தீங்கு செய்யவில்லை. இந்நான்காவது பங்கசு புழுக்களையே விரும்பித் தாக்குவது. 2018இல் இந்நாட்டுச் சோளப் பயிருக்கு வந்து சேர்ந்த படைப்புழுவும் அதற்கு இரையாகும் இயல்புடையது. மற்றொரு பக்கம், ஆபிரிக்காவில் வெட்டுக்கிளிகளை ஒழிப்பதற்காக 1989இல் தொடங்கிய பெருமுயற்சியின் பயனாக வெளிவந்த மெற்றாரைசியம், வெட்டுக்கிளிக் குலத்தையே பெரிதும் தாக்குவதாயும் வண்டுகளிடத்து மிக மென்மையாயும் அமைந்தது. இரண்டும் மெற்றாரைசியமே, ஆனால் ஒன்றுக்குரிய நற்சாட்சியை மற்றொன்றுக்குக் காட்டுதல் முறையன்று.

வண்டுகளிலும் இதே வேற்றுமை உண்டு. 2008இல் பிரித்தானியாவில் மூவகைப் பொறிவண்டுகளுக்குப் பியூவேரியாவை ஒரே விதமாக இட்டுப் பார்த்தனர். அந்நாட்டுக்குரிய இரு வகைகளும் பெரிதும் பாதிக்கப்பட்டன. ஆசியாவிலிருந்து அங்கு சென்று பரவிய மூன்றாம் வகையோ எளிதில் அசையவில்லை. நம் நாட்டுப் பொறிவண்டுகள் அனைத்தும் அந்த மூன்றாம் வகையைப் போல உறுதியானவை என்று எவரும் உங்களுக்கு வாக்குறுதி தரமுடியாது. பொதுவாகச் சொன்னால் முதிர்ந்த வண்டினும் இளங்குடம்பி மென்மையானது. அது தோல் உரிக்கும்போது, இன்னும் உட்புகாத வித்திகளையும் தோலோடு கழற்றிவிட்டுத் தப்புவதும் உண்டு. பசியால் வாடிய பூச்சி நோய்க்கு எளிதில் இரையாகும் என்பதையும் மறக்கலாகாது. மனிதர்க்கும் கால்நடைக்கும் உள்ள அதே நியதி தான்.

ஆய்வுக்கூடத்துச் செய்தியையும் வயற்செய்தியையும் வேறுபடுத்தி நோக்குதல் இங்கே மிக அவசியம். ஆய்வுக்கூடத்தில் வண்டைப் பங்கசு நீரில் நனைத்து, ஈரமான மூடிய பாத்திரத்தில் அடைத்து வைப்பர். வித்திக்கு அதனினும் சிறந்த வாழ்விடம் கிடையாது. வயலிலோ வெயில் உண்டு, காற்று உண்டு, வண்டுக்கு ஓடுவதற்கு இடமும் உண்டு. சூரிய ஒளியில் நேரே கிடக்கும் வித்திகளிற் பெரும்பாலானவை ஓரிரு நாளில், சில வேளை சில மணித்தியாலங்களிலேயே உயிரிழக்கும். ஆகையாற் கூடத்தில் நூற்றுக்குப் பல இறந்த இனம் வயலிற் சிலவற்றையே இழப்பதும் உண்டு. பிரித்தானியாவில் நிகழ்த்திய ஆராய்ச்சிகளில் ஏழுபுள்ளிப் பொறிவண்டு, பியூவேரியா படிந்த இலைகளை உணர்ந்து விலகி நடப்பதும் காணப்பட்டுள்ளது. சுவிற்சலாந்தில் மண்ணிலுள்ள வண்டுப் புழுக்களை ஒழிப்பதற்காகப் பியூவேரியாவின் வேறோர் இனத்தைப் பார்லித் தானியத்தில் வளர்த்து மண்ணுள் இடுகின்றனர். அவ்வாறு மண்ணுள் இடப்பட்டபோது, மேலே திரியும் நல்ல தரைவண்டுகளுக்குப் பெரிய இழப்பு நேர்ந்ததாகக் காணப்படவில்லை. இவற்றை ஒருசேரப் பார்த்தால், பங்கசு நல்ல வண்டைக் கொல்லவல்லது. ஆனால் எத்துணை வித்திகள் அதன் உடலிற் படுகின்றன என்பதைப் பொறுத்தே அது கொல்லும். அந்த அளவு கமக்காரராகிய உங்கள் கையில் உள்ளது. நஞ்சின் விடயத்தில் இவ்வளவு தூரம் நம் கையில் இல்லை.

இத்தீமைகளோடு ஒரு வேடிக்கையான நன்மையையும் சொல்லவேண்டும். அழுக்கணவனை மாத்திரம் கொல்லும் பங்கசு இனங்கள் சில உள. அவை பொறிவண்டுக்கு நோய் செய்வதில்லை. பொறிவண்டு நோயுற்ற அழுக்கணவன் கூட்டத்தில் நடக்கும்போது வித்திகள் அதன் காலிலும் உடலிலும் ஒட்டுகின்றன. பின் நோயற்ற கூட்டத்துக்குச் சென்று அவ்வித்திகளை அங்கே சேர்க்கிறது. அன்றியும், வண்டு வரக்கண்டு அழுக்கணவன்கள் அங்குமிங்கும் ஓடுவதால் வித்திகள் அவற்றின்மேல் இன்னும் அதிகமாக ஒட்டுகின்றன. மழை மூட்டமான நாட்களிற் பயற்றையில் அழுக்கணவன் திடீரென வாடி நிறம் மாறிக் கொழுந்தோடு ஒட்டியபடி இறந்திருப்பதைக் கண்டால், அங்கே எவரும் செலவு செய்யாத மருந்து வேலை செய்கின்றதென அறியுங்கள். அன்று தெளிகருவியைத் தோளில் ஏற்ற வேண்டாம்.

இனி மரக்கறித் தோட்டத்தில் அதிகம் தடுமாற்றம் தரும் ஒரு விடயத்தைச் சொல்கிறேன். கத்தரியிலும் பாகலிலும் இலையின் பச்சையைச் சுரண்டித் தின்று, நரம்புகளை மாத்திரம் சல்லடை போல விட்டுச் செல்லும் புள்ளிவண்டை நீங்கள் யாவரும் அறிவீர்கள். மங்கலான செங்கபில முதுகும், அதிலே நுண்மயிரும், 28 வரையிலான கரும்புள்ளிகளும் உடையது. அதன் குடம்பி மஞ்சள் நிறமாய், உடலெங்கும் கிளைத்த முட்களுடன், சோம்பி ஊர்ந்து திரியும். இது பொறிவண்டுக் குடும்பத்தில் தப்பிப் பிறந்த பிள்ளை. மாமிசம் விட்டு மரக்கறிக்கு வந்தது. இதற்கு எதிராகப் பியூவேரியா விசிறப்படுகின்றது; பயனும் கிடைக்கின்றது. ஆனால் சற்றே சிந்தியுங்கள். புள்ளிவண்டைக் கொல்லும் பங்கசு, அதன் ஒன்றுவிட்ட சகோதரனான பொறிவண்டையும் கொல்வதற்கு ஏனைய பங்கசுகளைவிட அதிகம் வாய்ப்புண்டு. ஆகவே கத்தரிக்கும் பயற்றைக்கும் அடுத்தடுத்துப் பாத்தி உள்ள தோட்டத்தில், கத்தரிக்கு விசிறும் பங்கசு காற்றில் மிதந்து பயற்றைக்குச் சென்றால், அழுக்கணவனைத் தின்றுகொண்டிருக்கும் நண்பன் நோயுறக்கூடும்.

இதனால் வரும் கேடு எத்தகையது என்று கணக்கிட்டுப் பார்க்கலாம். அழுக்கணவன் பிறந்து ஏறக்குறைய ஒரு வாரத்தில் தானே குட்டியீனத் தொடங்கும். ஆணின் துணையும் வேண்டாம், முட்டையும் வேண்டாம். பொறிவண்டோ முட்டையிலிருந்து முழு வண்டாவதற்கு இரண்டு, மூன்று வாரம் எடுக்கும். இரண்டையும் ஒருமிக்க அழித்துவிட்டால் முதலில் எழுந்து நிற்பது அழுக்கணவனே. காவலாளி இல்லாத வீட்டில் அது பெருகுவதைப் பார்த்து மறுபடியும் விசிறுவீர்கள். மறுபடியும் அதுவே நிகழும். இந்தோனேசியாவில் நெற்பயிருக்கு இரசாயனத்தை மேலும் மேலும் விசிறியதாற் கபில நிறத் தத்தி பெருகியதைக் கண்டு, 1986இல் அந்நாட்டு அரசாங்கம் 57 வகை நாசினிகளை நெல்லுக்கு விசிறலாகாதென விலக்கியது. அங்கே நடந்தது நஞ்சின் செயல். பங்கசு அத்துணைக் கொடியதன்று. ஆயினும், காவலாளியை இழந்த வயலில் பீடை முந்திக்கொள்ளும் என்னும் நியதி இரண்டுக்கும் ஒன்றே.

எனவே புள்ளிவண்டு சில செடிகளில் மாத்திரம் உள்ளபோது பங்கசை நாடவேண்டிய தேவை இல்லை. இலையின் அடிப்புறத்தில் மஞ்சள் நிறமாய் நிமிர்த்தி அடுக்கிய முட்டைக் கூட்டங்களை இலையுடன் கிள்ளியெடுத்து, குடம்பிகளையும் வண்டுகளையும் காலை வேளையிற் கையாற் பொறுக்கிச் சவர்க்கார நீரில் இடுங்கள். ஒரு எச்சரிக்கை: பொறிவண்டின் முட்டைகளும் அவ்வாறே மஞ்சளாய் அடுக்கப்பட்டிருக்கும். சுரண்டப்பட்ட கத்தரி, பாகல் இலையில் உள்ளவை பெரும்பாலும் பகைவனுடையவை; அழுக்கணவன் கூட்டத்தின் அருகே உள்ளவை நண்பனுடையவை. தோட்டம் முழுவதும் பரவிய பின்னரே விசிறவேண்டி வந்தால், சுரண்டல் உள்ள பாத்திகளுக்கு மாத்திரம், தெளிகருவியின் வாயை இலையின் அடிப்புறம் நோக்கித் திருப்பி, காற்று அடங்கிய வேளையில் விசிறுங்கள். பயற்றையின் பக்கமிருந்து காற்று வரும் நாளைத் தெரிந்துகொண்டால் இன்னும் நன்று.

நெல்லுக்கு வருவோம். அறக்கொட்டியான் என்று நாம் சொல்லும் கபில நிறத் தத்தி, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பயிரின் அடித்தண்டில் கூடியிருப்பது. அவ்விடம் நிழலும் ஈரமும் மிக்கதாகையாற் பங்கசுக்கு உகந்தது. வியட்நாமின் மேகொங் கழிமுகத்தில் கமக்காரர் தாமே அரிசியில் மெற்றாரைசியத்தை வளர்த்துத் தத்திக்கு எதிராக விசிறி வருகின்றனர். மேலிருந்து மழைபோற் பொழிந்தால், வித்தி கதிரிலும் மேலிலையிலும் தங்கி வெயிலில் இறக்கும்; அங்கே அமர்ந்துள்ள பொறிவண்டுகளையும் நனைக்கும்; அடியிலுள்ள தத்திக்கோ எட்டாது. இதனைவிட வீணான செலவு வேறில்லை. பயிரை இருபுறமும் விலக்கி அடித்தண்டில் விசிறினால், மேலே உள்ள பொறிவண்டுக்கு அதிகம் படாது. அடியிலே திரியும் தரைவண்டும் குறுஞ்சிறகு வண்டும் அங்கே சிறிது பாதிக்கப்படலாம். ஆகையால் தத்தி திட்டுத்திட்டாக இருக்கும்போது அத்திட்டுக்கும் அதனைச் சூழ்ந்த சில முழத்துக்கும் மாத்திரம் விசிறி, மற்றை வயலை அவ்வண்டுகளுக்கு விட்டுவிடுங்கள். வரம்பிலுள்ள புல்லுக்கு ஒருபோதும் விசிற வேண்டாம். உழவு காலத்திலும் அறுவடை முடிந்த காலத்திலும் இவ்வண்டுகள் ஒதுங்குவது வரம்பிலேயே. வரம்பைச் சுரண்டி மொட்டையாக்கும் வழக்கம் உள்ளவர்கள், ஒரு பக்கத்தையேனும் ஒரு முறைக்கு விட்டுவைத்துப் பாருங்கள்.

பருவத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 25 முதல் 30 பாகை செல்சியசு வெப்பமும் மிகுந்த ஈரமும் இப்பங்கசுகளுக்கு நன்கு ஒத்தவை. 35 பாகைக்கு மேற் பெரும்பாலானவை வளர்ச்சியின்றி நிற்கும். ஆகவே வட பகுதியிலும் கிழக்கிலும் சிறுபோகத்துக் கடும் வெயிலில் விசிறிப் பயன் காணாதோர், பொருளைப் பழிக்குமுன் வேளையைப் பார்க்கவேண்டும். பெரும்போகத்து மழை மூட்டத்திலே பங்கசு நன்றாகப் பிடிக்கும். ஆனால் அதே நாட்களிலே தான் பொறிவண்டிலும் நன்றாகப் பிடிக்கும். பீடைக்கு ஏற்ற நாள் நண்பனுக்கும் ஆபத்தான நாள் என்பது இதிலுள்ள சங்கடம். வெயில் தணிந்த மாலையில் விசிறுமாறு நாம் சொல்வது வித்தி இரவுப் பனியிலே முளைப்பதற்காக. அவ்வேளையிற் பொறிவண்டுகள் ஓட்டம் ஒழிந்து கொழுந்திலே தங்கியிருக்கும். ஆதலால் அவை மொய்த்திருக்கும் கொழுந்துகளை விட்டு விசிறுதல் மாலையில் இன்னும் அதிக கவனத்துடன் செய்யவேண்டிய வேலை.

பங்கசை எங்கே வைக்கிறோம் என்பதில் தான் பெரும்பாலும் எல்லாம் அடங்கியுள்ளது என்பதற்குத் தென்னையின் கருவண்டு நல்ல உதாரணம். அதன் புழுக்கள் சாணக் குவியலிலும் உக்கிய தென்னங்குற்றியிலும் வளர்வன. அக்குவியலிலேயே மெற்றாரைசியத்தைக் கலந்து வைத்தால், முட்டையிட வரும் வண்டும் உள்ளிருக்கும் புழுவும் நோயுறும். மரத்துக்கோ தோட்டத்துக்கோ ஒரு துளியும் விசிறுவதில்லை. பொறிவண்டு அக்குவியலுக்கு வருவதுமில்லை. கமக்காரர் செலவும் சிறிது.

பொருள் வாங்கும்போது பெட்டியின்மேல் உள்ளதை வாசித்துப் பாருங்கள். 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ்ப் பதியப்பட்ட பொருளாயிருத்தல் வேண்டும். பங்கசின் இனப்பெயரும், இயன்றால் குலவகையின் இலக்கமும், காலாவதித் திகதியும் இருத்தல் வேண்டும். “எல்லாப் பூச்சிக்கும் ஏற்றது” என்று எழுதப்பட்டிருந்தால் அது புகழ்ச்சியன்று. எல்லாப் பூச்சியுள்ளும் உங்கள் பொறிவண்டும் அடங்கும். பங்கசு உயிருள்ள பொருளாகையால் வெயிலிலும் தகரக் கூரையின்கீழ்ச் சூட்டிலும் வைத்தல் ஆகாது. மாங்கோசெப்பு போன்ற பங்கசுநாசினி விசிறிய தெளிகருவியை நன்றாகக் கழுவாது பங்கசை ஊற்றினால், நீங்கள் விசிறுவது இறந்த தூளே. குறித்த அளவினும் அதிகம் கலப்பதால் பீடை விரைந்து இறக்கும் என்றும் எண்ண வேண்டாம். இறப்பு முளைக்கும் நாளையும் வளரும் நாளையும் பொறுத்தது. அளவை மிகுப்பதால் வண்டின்மேல் விழும் வித்திகளே மிகும். விசிறி மூன்றாம் நாள் பீடை அசைகின்றதே என்று மறுபடியும் விசிறுவோர் பலர். ஒரு வாரம் பொறுத்துப் பாருங்கள். நோயுற்ற பூச்சி இறக்குமுன்னரே தின்பதைக் குறைத்துவிடும்.

விசிறுமுன் தோட்டத்தின் குறுக்கே நடந்து இருபது செடிகளைப் பாருங்கள். அழுக்கணவன் உள்ள செடிகள் எத்தனை, அவற்றுட் பொறிவண்டோ குடம்பியோ உள்ளவை எத்தனை என்று ஒரு கடதாசித் துண்டிற் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று நாள் கழித்து அதே செடிகளை மறுபடியும் பாருங்கள். அழுக்கணவன் பெருகாது நின்று குடம்பிகள் பெருகியிருந்தால் பொருளைப் பெட்டியோடு வைத்துவிடுங்கள். குடம்பி ஒன்றுமில்லாது அழுக்கணவன் கொழுந்துக்குக் கொழுந்து தாவியிருந்தால், அக்கொடிகளுக்கு மாத்திரம் விசிறுங்கள். விசிறியபின் ஒரு வாரம் அதே செடிகளின் அடியிலும் பாருங்கள். பொறிவண்டுகள் வெண்மாப் பூசியது போலவோ பச்சைத் தூள் படிந்தது போலவோ இறந்து கிடப்பின், அவற்றிற் சிலவற்றை வெறும் நெருப்புப்பெட்டி ஒன்றிலே இட்டு, விசிறிய பொருளின் பெயரையும் திகதியையும் அதன்மேல் எழுதி, உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கொடுங்கள். போத்தலில் நீரோடு இட்டுக் கொண்டுவர வேண்டாம். அழுகிய வண்டில் எப்பங்கசு என்று பார்க்க இயலாது.